கன்னத்தில் கை வைத்த பெண்

ரோமில் எனக்கு மூன்றாவது நாள். கொலோசியத்தை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, காலையில் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். எல்லோரும் சிலைகளைப் பார்க்க மாடி ஏறினார்கள். நான் நிலவறைக்கு இறங்கினேன். அங்கே முழுக்க நாணயங்கள். இத்தாலியின் மன்னர் மூன்றாம் விட்டோரியோ எமானுவேலே ஆசை ஆசையாகச் சேர்த்தவையும் இங்கேதான் இருக்கின்றன.

நான் தேடி வந்தது ஒரு பித்தளைக் காசை. செஸ்டர்ஷியஸ் என்று பெயர். நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட அகலம், எடை 25 கிராம் பக்கம் வரும். தலைப்பக்கத்தில் பேரரசர் வெஸ்பாசியன்: தடித்த கழுத்து, சுருக்கம் விழுந்த நெற்றி. மறுபக்கத்தில் நடுவே ஒரு பேரீச்ச மரம். அதற்கு இடப்புறம் போர் உடையில் பேரரசர், ஒரு காலைத் தலைக்கவசத்தின் மேல் ஊன்றி, கையில் ஈட்டியோடு நிற்கிறார். வலப்புறம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் கை. சுற்றிலும் 'யூதேயா காப்டா' என்ற எழுத்துகள். யூதர்களின் நாடான யூதேயா பிடிபட்டது என்று பொருள்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் என் பாட்டி. விரல் நகம் அளவுகூட இல்லாத அந்த உருவத்தின் துக்கம் எனக்கு உடனே புரிந்தது. அவள்தான் யூதேயா. ஒரு நாட்டையே அழுகிற பெண்ணாக்கிக் காசில் அடித்திருக்கிறார்கள்.

வெஸ்பாசியனுக்கு இது தேவைப்பட்டது. கி.பி. 69இல் ஒரே ஆண்டில் நான்கு பேர் அடுத்தடுத்து அரியணையில் இருந்தார்கள். கடைசியாக ஏறி நிலைத்தவர் அவர். அரச வம்சம் இல்லை. காட்டிக்கொள்ள ஒரு பெரிய வெற்றி வேண்டும். அடுத்த ஆண்டு அவர் மகன் டைட்டஸ் ஜெருசலேமை வீழ்த்தினார், கோயில் எரிந்தது. ஆனால் யூதேயா கி.பி. 6 முதலே ரோமின் மாகாணம்! தன் கையில் இருந்த ஊரில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிவிட்டு, புதிதாக ஒரு நாட்டைப் பிடித்ததுபோல் ஊரறியச் சொல்லியிருக்கிறார். பொன், வெள்ளி, பித்தளை என்று எல்லாவற்றிலும் அதையே அடித்தார்கள்.

என்னை உறுத்தியது இன்னொன்று. யூதர்கள் ஆண்டுதோறும் தங்கள் கோயிலுக்குச் செலுத்திவந்த காணிக்கையை, போருக்குப் பிறகு ரோமின் ஜூபிடர் கோயிலுக்கான வரியாக மாற்றிவிட்டார்கள். தலைக்கு இரண்டு டெனாரியஸ். அந்த வெள்ளிக் காசுகளிலும் இதே பெண் உண்டு. தோற்றவன் தன் தோல்வியையே எண்ணி வரியாகக் கொடுத்திருப்பான்.

மாலையில், அந்த வெற்றியைக் கொண்டாடும் டைட்டஸ் வளைவுக்கு முன்னால் நின்றேன். உட்சுவரில் வீரர்கள் ஜெருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து வருகிறார்கள். ரோம் நகர யூதர்கள் இந்த வளைவுக்கு அடியில் நடப்பதில்லை என்பது தலைமுறைகளாக இருந்த வழக்கம். வளைவை ஒதுக்கிச் சுற்றிப் போய்விடலாம். காசை எப்படி ஒதுக்குவது? அது சந்தையில், சம்பளத்தில், மடியில் வந்து விழுந்துகொண்டே இருக்குமே.

ஆனால் யூதர்கள் அந்தக் காசுக்கும் ஒரு வழி கண்டார்கள். 132இல் பார் கோக்பா தலைமையில் மறுபடி கிளர்ந்தபோது, புழக்கத்தில் இருந்த ரோமக் காசுகளையே எடுத்து அவற்றின் மேல் தங்கள் முத்திரையை அடித்தார்கள். சிலவற்றில் பேரரசரின் முகமும் எழுத்துகளும் அடியில் மங்கலாக இன்னும் தெரியும். அதன் மேல் 'ஜெருசலேமின் விடுதலைக்காக' என்ற வாசகம். அவர்களின் செப்புக் காசுகளில் அதே பேரீச்ச மரம், குலை தள்ளி நிற்கிறது. அதன் அடியில் அந்தப் பெண் இல்லை.