டிபன் வேண்டாம் என்றால் பாலும் வேண்டாம்

ஒன்றரை வருடமாக இரும்புச்சத்து சிரப் கொடுத்தும் பாப்பாவின் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. ஐந்து வயதில் எடை 13 கிலோ. வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சி குச்சியாக. பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் எங்கள் ஊர் டாக்டர், "சீலியாக்காக இருக்கலாம், மதுரையில் குழந்தைகளுக்கான குடல் டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன் சிறுகுடலைக் கெடுக்கிற நோய். வட இந்தியாவில் பரவலாகப் பார்க்கிறார்களாம்; நம் பக்கம் அபூர்வம் என்பதால் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

அன்று ராத்திரியே போனில் படித்துவிட்டுச் சப்பாத்தி, பிஸ்கட், ரவை எல்லாவற்றையும் நிறுத்தினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். மாமனார் ஆபரேஷன், லீவு என்று இழுத்து மதுரை போகவே மூன்று மாதம் ஆகிவிட்டது. லேபில் ரத்தம் எடுத்தவர் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிசல்ட் நார்மல். சந்தோஷமாக டாக்டரிடம் நீட்டினேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. "கோதுமை எப்ப நிறுத்தினீங்க?" என்றார்.

குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கிற டிடிஜி என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் தெரியுமாம். நிறுத்தினால் மெல்லக் குறைந்துவிடும். போதாததற்கு லேபில் டிடிஜி மட்டும் பார்த்திருந்தார்கள். ஐஜிஏ என்பது அந்த டிடிஜி சேர்ந்த ஆன்டிபாடி வகை; அதன் மொத்த அளவையும் கூடவே பார்க்க வேண்டும், அது இயல்பிலேயே குறைவான குழந்தைக்கு டிடிஜி பொய்யாக நார்மல் காட்டலாம். ஆக, எட்டு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தி கொடுத்து மறுபடி வரச் சொன்னார். பிள்ளைக்கு ஆகாது என்று சந்தேகப்படுவதை நாமே ஊட்டிவிடுவது இருக்கிறதே! மூன்றாவது வாரமே பேதி திரும்ப ஆரம்பித்தது.

இந்த முறை டிடிஜி எக்கச்சக்கம். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்க்கிற எண்டோஸ்கோபிக்குத் தேதி கொடுத்தார்கள். முந்தின நாள் போன் செய்த பெண், "டிபன் கொடுக்காம காலைல ஒம்போது மணிக்கு வாங்க" என்றார். டிபன் கொடுக்கவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு அழுத பிள்ளைக்கு அத்தை அரை டம்ளர் பால் கொடுத்திருந்தார். பால் எப்படி டிபன் ஆகும்? மயக்க மருந்து டாக்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். பாலுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும். மதியத்துக்கு மாற்றித் தரக் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த வியாழன்" என்றார். போக வர நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு நாள் சம்பளம் போச்சு. போனில் சொல்பவர்களிடம் "கடைசியாகப் பால் எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழன் கால் மணி நேரத்தில் முடிந்தது. பயாப்ஸி சோதனைக்காகக் குடலில் எடுத்த சதைத் துணுக்கு போட்ட ஃபார்மலின் பாட்டிலை லேபுக்கு நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாட்டிலில் வேறு குழந்தையின் பெயர் ஒட்டியிருந்ததை லிஃப்டில்தான் கவனித்தேன். திரும்ப ஓடினேன். கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பாட்டிலைக் கையில் வாங்கும்போதே பெயர், வயது, ஓபி நம்பரைப் படித்துவிடுங்கள்.

பயாப்ஸியில் சீலியாக் என்று உறுதியானது. டயட்டீஷியன் தந்த அச்சடித்த தாள் எடை குறைந்த பிள்ளைகளுக்கான பொதுத் தாள்; அதில் மூன்றாவது வரி "தினமும் மால்ட் பானம்". மால்ட் என்பதே பெரும்பாலும் பார்லிதான். காட்டியதும் அந்தப் பெண் பேனாவால் அடித்துவிட்டு, "நல்லவேளை கேட்டீங்க அக்கா" என்றார்.

இட்லி, தோசை, புட்டு, கேழ்வரகுக் கூழ் என்று நம் சாப்பாட்டில் பாதி தானாகவே சரி. மாட்டிக்கொண்டது பெருங்காயத்தில். கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது. அத்தனை நாள் சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் போயிருக்கிறது!

அப்புறம் மாவு மில். கோதுமை அரைத்த மிஷினில் நம் அரிசியைப் போட்டால் பிரயோஜனமில்லை. மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மிஷினுக்குள்ள ஒட்டுனது போகாதும்மா, வீட்லயே மிக்சியில அரைச்சுக்கோங்க" என்று வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

நாலு மாதம் ஆகிறது. போன வாரம் எடை 14.8 கிலோ.