புதுத் துப்பாக்கியும் ஏழு மணித் திசையும்

இரண்டு ஆண்டுகள் கிளப்பின் பொதுத் துப்பாக்கியிலேயே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயின்ற பிறகு, சேமிப்பைக் கரைத்து எனக்கென்று புதிதாக ஒன்றை வாங்கினேன். முதல் நாள் சுட்ட இலக்கு அட்டைகளில் பெரும்பாலான துளைகள், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், எட்டாம் வளையத்தைச் சுற்றிக் கிடந்தன (நட்டநடுவில் இருப்பது பத்தாம் வளையம்). வலக்கைக்காரனான நான் பழைய துப்பாக்கியில் இப்படி இடக்கீழாகச் சுட்டதில்லை என்பதால், குற்றம் புதியதின் மேல்தான் என்று முடிவு கட்டி, குறிபார்க்கும் பின் சைட்டின் திருகை வலப்பக்கமும் மேற்பக்கமுமாகக் கிளிக் கிளிக்காகத் திருப்பிக்கொண்டே போனேன். துளைகள் இடம் மாறினவே தவிர ஒன்றுகூடவில்லை.

பயிற்சியாளர் அட்டைகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். "திருகினதையெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டு போங்க தம்பி. ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்தினா எது காரணம்னு எப்படித் தெரியும்?" என்றார். கிளிக்குகளை எண்ணி வைத்திருக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சைட்டை ஒருவழியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும், மேசையில் மணல் பையை வைத்து, அதன்மேல் முன்கையைத் தாங்கி, அவசரமில்லாமல் ஐந்து குண்டுகள் சுடச் சொன்னார். ஐந்தும் பத்தாம் வளையத்தின் இடது விளிம்பை ஒட்டி ஒரே கிழிசலாக விழுந்தன. பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான், கிழிசல் அதைவிடச் சிறியது. வேறு இரண்டு வகை பெல்லட்டுகளிலும், அதாவது ஏர் பிஸ்டலுக்கான சிறு குண்டுகளிலும், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, குழலும் குண்டும் சரி. நின்று கையை நீட்டும்போதுதான் ஏதோ கெடுகிறது.

அடுத்த சோதனைதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று, சில முறை பெல்லட் போட்டும் சில முறை போடாமல், விசை (டிரிக்கர்) மட்டும் இயங்கும் டிரை ஃபயர் நிலையில் வைத்தும், எது எதுவென்று சொல்லாமல் துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது முறை உள்ளே குண்டு இல்லை. விசை விடுபட்ட அதே கணத்தில் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் இடப்புறமாகத் தலைகுனிந்ததை நானே பார்த்தேன். இந்த விசை இரண்டு கட்டமாக இழுபடும். பழைய துப்பாக்கியில் முதல் கட்டம் முடிந்து விரல் முட்டி நிற்பது தெளிவாகத் தெரியும். புதியதில் அந்த முட்டு எனக்குப் புலப்படவேயில்லை. எப்போது வெடிக்கும் என்று தெரியாமல், கடைசி நொடியில் உள்ளங்கை முழுவதையும் சேர்த்து இறுக்கியிருக்கிறேன். குழல் கீழே இறங்கியது அதனால்தான்.

இடப்பக்கம் போனதற்குக் காரணம் வேறு. கைப்பிடி என் கைக்குச் சற்றுப் பருமன் என்பதால், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மரத்தில் உரசி, விசையை இழுக்கும்போதெல்லாம் கைப்பிடியையும் சேர்த்து இடப்பக்கம் தள்ளியது. இரவு விளக்கடியில் விரலில் சாக்பீஸ் பொடி தடவிப் பிடித்துப் பார்த்தபோது, மரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளைத் தடம் பதிந்தது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் மூன்று மாலைகள் தேய்த்தேன். (விலை கொடுத்து வாங்கிய பொருளை நாமே தேய்ப்பது லேசான காரியமல்ல.) விசைத் தகட்டைச் சற்று முன்னே நகர்த்தி, இரண்டாம் கட்டத்தின் முட்டு விரலுக்குத் தெரியும்படி அமைத்தோம். விதிப்படி விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதால், எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.

பிறகு பத்து நாள் பெல்லட்டைத் தொடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் டிரை ஃபயர் மட்டும். பதினோராம் நாள் அட்டையில் துளைகள் ஒன்றுகூடி, பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே இடப்புறம் நின்றன. மணல் பையில் தெரிந்த அதே சிறிய விலகல். பயிற்சியாளர் தலையசைத்த பிறகே திருகைத் தொட்டேன். வலப்பக்கம் இரண்டே கிளிக்.