அந்த வீட்டின் ஒரே விவசாயி

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி எனக்கு வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கு இது புதிய வேலையல்ல. பள்ளி விட்டதும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். 9ஆம் தேதி தொடங்கி 28ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்று என் பங்குக்கு வந்தது. கணக்கெடுப்பில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அந்த ஊரின் பெயரும், அங்கே ஒரு வீட்டில் நான் சந்தித்த பாட்டியின் பெயரும் இங்கே இல்லை. அவர் இன்று உயிரோடும் இல்லை.

மகன் வேன் ஓட்டுகிறவர். மருமகள் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். பேரன் என் வகுப்பில் படித்தவன். ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு வந்து பாட்டியிடம் நின்றேன். கடந்த ஓராண்டில் இவர் ஏதாவது வேலை செய்தாரா என்பது கேள்வி.

"அம்மா வேலைக்கெல்லாம் போவதில்லை டீச்சர். வயதாகிவிட்டது, வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்" என்றார் மகன்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாயை உட்காரவைத்துச் சோறு போடுகிறோம் என்ற பெருமையும் அதில் இருந்தது. வேலை செய்யாதவர்களுக்குப் படிவத்தில் ஒரு வரிசை உண்டு: மாணவர், வீட்டு வேலை பார்ப்பவர், பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியம் பெறுபவர், பிச்சை எடுப்பவர் என்று அது நீளும். 'சார்ந்திருப்பவர்' என்று குறிக்கப் பேனாவைத் தாளில் வைக்கப் போனேன்.

அப்போதுதான் பாட்டி கொல்லையிலிருந்து வந்தார். தலையில் ஒரு கட்டு கம்பந்தட்டை. அதைத் தொழுவத்தில் போட்டுவிட்டு, எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "வா தாயி, எப்போது வந்தாய்?" என்றார். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. மிளகாய்ப் பழம் பறித்த கை. அந்த எரிச்சல் இரவெல்லாம் அடங்காது. கண்ணில் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். மாசி மாதம் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணின் கையும் அப்படித்தான் இருக்கும்.

பேனாவை எடுத்துவிட்டேன்.

பயிற்சியின்போது எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் வந்தால்தான் வேலை என்று நினைக்காதீர்கள். சொந்த நிலத்தில் கூலியில்லாமல் பாடுபட்டாலும் வேலைதான். வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வளர்த்துப் பால் கறந்தாலும் வேலைதான். பெண்களைப் பற்றி ஆண்கள் சொல்வதோடு நிறுத்தாமல் துருவிக் கேளுங்கள். அன்று நான் கிட்டத்தட்டக் கேட்காமலே விட்டிருப்பேன். அதற்கு முன் எழுதிய வீடுகளில் எத்தனை பேரை அப்படி விட்டேனோ என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

"பாட்டி, வருடத்தில் எத்தனை மாதம் காட்டில் வேலை இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் மாதங்களை விரல் மடக்கிச் சொன்னார். புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் களை. தை பிறந்தால் உளுந்து, கம்பு அறுப்பு. மாசி, பங்குனியில் மிளகாய், பருத்தி. சித்திரையில் வத்தல் காய்ந்து மூடை கட்டும் வரை களத்துக் காவல். அதன் பிறகு ஆடி வரை கருவேல விறகு. "எருமைக்கு மாதக் கணக்குக் கிடையாது தாயி. அதற்குத் தினமும் வயிறு இருக்கிறது."

நிலம் இரண்டு ஏக்கர் மானாவாரி. பட்டா இறந்துபோன கணவர் பெயரில். விதை வாங்குவது, ஆள் கூப்பிடுவது, என்ன விதைப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். மகன் வத்தல் மூடையை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதோடு சரி. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவர் என்று குறித்தேன். என்ன வேலை என்ற கட்டத்தில் 'விவசாயி' என்று போட்டேன். அந்த வீட்டில் அந்தக் குறியீடு பெற்றவர் அவர் ஒருவர்தான். மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். சற்று நேரம் கழித்து, "சரிதான் டீச்சர்" என்றார்.

வயதுக் கட்டம் இன்னொரு சிக்கல். ரேஷன் அட்டையில் 65, வாக்காளர் அட்டையில் 72. பாட்டிக்கு எண் தெரியாது. ஆனால் காலம் நன்றாகத் தெரியும். "காந்தியைச் சுட்ட தை மாதம்தான் எனக்குத் தலைப்பொங்கல்" என்றார். அப்படியானால் திருமணம் 1947இல். பெரியவளான இரண்டாம் வருடம் கட்டிக் கொடுத்தார்கள் என்றார். கூட்டிக் கழித்து 79 என்று எழுதினேன். அந்தக் கணக்கில், மேட்டூர் அணை கட்டி முடித்த 1934இல் அவர் கைக்குழந்தை வயதைத் தாண்டியவர். ஆனால் அந்த அணைத் தண்ணீர் எங்கள் கரிசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வாழ்நாள் முழுவதும் வானத்தை மட்டும் நம்பி விதைத்தவர் அவர்.

இளவயதில் பகலெல்லாம் காட்டில் கூலி வேலை. கூலி, கம்பாகப் படியில் அளந்து வரும். இரவில் சிம்னி விளக்கில் தீப்பெட்டிச் சட்டத்தில் குச்சி அடுக்குவார். கணவர் போனபோது கடைசிப் பிள்ளைக்குப் பல்கூட முளைக்கவில்லையாம். அதன் பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதற்கு, "விடிந்தால் வேலை இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, மொத்தம் பிறந்தவர்கள் எத்தனை? மகன் முந்திக்கொண்டு "நான்கு" என்றார். பாட்டி, எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வா என்று அவரை அனுப்பிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "ஏழு."

ஒன்று அம்மையில் நான்கு வயதில் போனது. ஒன்று ஒன்பதே நாள் இருந்தது. ஒன்று பிறக்கும்போதே மூச்சில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே வலி கண்டதாம். உயிரோடு பிறந்த பிள்ளைகளை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விதி. நான் ஆறு என்று எழுதினேன்.

"ஏழையும் எழுதிவிட்டாயா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து விதியை விளக்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பையில் இருந்த என் சொந்த நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதி, பக்கத்தில் ஏழு என்று எழுதிக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். போகும்போது ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவில் தமிழ்நாட்டுப் பெண்களில் 31.8 விழுக்காட்டினர் வேலை செய்பவர்கள் என்று வந்தது. அந்த எண்ணைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்தச் சிவந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. அதற்குள் அவர் இருக்கிறார் என்பதில் எனக்கு நிம்மதி. வெளியே விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டவர்களுக்கும் கேட்காமல் போனவர்களுக்கும்தான் தெரியும்.

அதன் பிறகும் அவரை அடிக்கடி பார்ப்பேன். பேரன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்ட பிறகும் கொத்தமல்லிக் கட்டோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார். 2019இல், என் கணக்குப்படி 88 வயதில் இறந்தார். முந்தின வாரம் வரை எருமைக்குப் புல் அறுத்திருக்கிறார்.

துக்கத்துக்குப் போயிருந்தபோது மகன் என்னிடம், "இந்த வருடம் விதைப்பு எப்போது தொடங்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை டீச்சர்" என்றார். அந்த ஆண்டு விதைக்கவில்லை. எருமையை விற்றுவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு ஏக்கரிலும் சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.