போட்டோ புடிச்சி இன்னா பண்ணப்போற?

10 டிசம்பர் 2023, ஞாயிறு

எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியதுமே மூக்கு எரிந்தது. பெட்ரோல் பங்க் வாசனைதான், ஆனால் காற்றடித்தும் கலையவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து, இங்கே கழிமுகம் முழுக்கப் படிந்துவிட்டது. அலையாத்திச் செடிகளுக்கு இடுப்புவரை கறுப்பு.

வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்ல, மனைவிக்கு ஒரு படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினேன். கோணலாக ஒரு ஃபைபர் படகு, ஓரத்தில் என் கட்டைவிரல். அதற்குள் படகுக்காரர் வந்துவிட்டார். "போட்டோ புடிச்சி இன்னா பண்ணப்போற தம்பி?"

"தெரியலண்ணே" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

13 டிசம்பர்

மக்கு, வாளி, பீப்பாய். எண்ணெய் அள்ளுவதற்கு இவ்வளவுதான். ஊர்க்காரர்களே இறங்கி அள்ளுகிறார்கள், பாதிப் பேர் கையில் உறை இல்லை. அண்ணன் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு, இதே இடத்தில் சின்ன வயதில் ஆள் முழுகும் என்றார். பல வருஷமாக அனல்மின் நிலையச் சாம்பல் இறங்கி ஆறு மேடாகிவிட்டது. எண்ணெய்க்கு வந்திருக்கிற ஊடகக்காரர்கள் யாரும் சாம்பலைப் பற்றிக் கேட்கவில்லையாம். நானும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அண்ணன் வீட்டில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சீயக்காய், அப்புறம் துணி சோப்பு. ரேகை ரேகையாகக் கறுப்பு அப்படியே நின்றது. நகக்கண்ணில் தென்னங்குச்சியை விட்டு நோண்டினார், ரத்தம்தான் வந்தது. "மீன் விக்கிற கை, இத்தப் பாத்தா எவன் வாங்குவான்?" ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கைகளை எடுத்தேன். நல்ல படம் என்று எடுக்கும்போதே தெரிந்தது. தெரிந்ததில் கொஞ்சம் வெட்கம்.

17 டிசம்பர், ஞாயிறு

எண்ணெயில் ஊறிய கூழைக்கடா படம் எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. பறவைகளைத் தேட வனத்துறை ஆட்களும் மருத்துவர்களும் வந்திருந்தார்கள். "பறவைக்கே டாக்டர் வந்துட்டாரு" என்றார் அக்கா. அவர் குரலில் கோபமில்லை, எனக்குத்தான் உறைத்தது.

இரவு மினமாட்டா ஞாபகம். ஜப்பானில் சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசத்தால் பிறவியிலேயே முடங்கிய மகளை, தாய் குளிப்பாட்டும் படம். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்தது. அடுத்த வருஷம் லைஃப் பத்திரிகையில் வந்து உலகமே பார்த்தது. பெண் 1977இல் இறந்த பிறகும் படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளை இனி ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் நினைக்க, ஸ்மித்துக்குப் பின் உரிமை வைத்திருந்த அவருடைய முன்னாள் மனைவி அய்லீன், 1998இல் முடிவெடுக்கும் உரிமையை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் கேமராவே வாங்கினேன்.

24 டிசம்பர்

நிவாரணம் அறிவித்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000. அண்ணன் படகு பட்டியலில் இல்லை. கணக்கெடுக்க வந்த அன்று அவர் டீசல் போட்டுத் தேய்த்துப் படகைச் சுத்தமாக வைத்திருந்தாராம். "அழுக்கா உட்டிருக்கணும். அது என் தப்பு."

27 டிசம்பர்

நேற்று நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள். அக்காவின் தங்கை குடும்பம் விடிகாலையில் இங்கே வந்து படுத்துக் கிடந்தது. கண்கள் சிவந்து, இருமல். இன்று ஒரு படமும் எடுக்கவில்லை.

5 ஜனவரி 2024

அண்ணன் படகையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் மனுவோடு வைக்க ஆதாரம் வேண்டும். என்னிடம் எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். அண்ணன் படகு பன்னிரண்டில் இருக்கிறது, எல்லாமே முகமும் வெளிச்சமுமாக. ஒன்றில்கூடப் பதிவு எண் முழுசாக இல்லை. போதாக்குறைக்கு, பேட்டரி தீர்ந்தபோது கேமராவின் கடிகாரம் பழைய நிலைக்குப் போய், எல்லாப் படத்திலும் 2019 என்று தேதி. இத்தனை வருஷத் தொழிலில் இதைக்கூடப் பார்க்கவில்லை!

மனைவிதான் சொன்னாள்: "முதல் நாள் அனுப்பினியே, விரல் தெரிஞ்சுதே, அது?"

அதேதான். முன்பக்கத்தில் பதிவு எண், கீழே ஒரு சாண் உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. கைப்பேசியில் தேதி, நேரம், இடம் மூன்றும் பதிவாகியிருந்தன. லேபில் நாலு பிரதி போட்டோம். மனு வாங்கியவர் விரலைத்தான் முதலில் பார்த்தார்.

2 பிப்ரவரி

படகுக்குப் பத்தாயிரம் வந்துவிட்டது. போன வலை போனதுதான், புதுசு வாங்க இது காணாது. மீன்பாடும் இன்னும் சரியாகவில்லை. எண்ணூர் மீன் என்று சொன்னாலே வாங்குபவர்கள் நகர்ந்துவிடுகிறார்களாம்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். அந்தக் கைப் படத்தை ஒரு கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன்.

"அத்த எடுத்துடு தம்பி. பொண்ணு பாக்க வராங்க. நாளைக்கி எவனாவது காட்டி, இவங்க கை இப்படின்னுவான்."

முகமே தெரியாதே அக்கா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கேமராவிலும் மடிக்கணினியிலும் அழித்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, குப்பைக் கூடையையும் திறந்து காட்டச் சொன்னார்.