ஹாம் தேர்வுக்குப் படிக்கிறேன்

7 ஜனவரி 2024, ஞாயிறு

ஹாம் என்றால் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிற அமெச்சூர் வானொலி ஆர்வலர். அதற்கான உரிமத் தேர்வில் ரெஸ்ட்ரிக்டடா, ஜெனரலா, எந்தப் பிரிவை எழுதுவது என்று ஒரு வாரமாக யோசனை. ரெஸ்ட்ரிக்டட் எழுதினால் மோர்ஸ் என்கிற புள்ளி-கோடு தந்திக் குறி தேவையில்லை. வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, 50 வாட் வரை அனுப்பலாம். ஜெனரலுக்கு மோர்ஸ் உண்டு. வியு2, 400 வாட். தேர்ச்சி மதிப்பெண்ணும் கொஞ்சம் கூடுதல்: ஒவ்வொரு பகுதியிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 55.

எட்டு மடங்கு சக்தி என்றதும் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். கணக்குப் போடாமல் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டேன். சக்தி இரட்டித்தால் 3 டெசிபல். 50, 100, 200, 400: மூன்று இரட்டிப்பு, 9 டெசிபல். ரேடியோவில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி நகர 6 டெசிபல் வேண்டும். ஆக, எட்டு மடங்கு கொட்டி எதிர்முனையில் ஒன்றரைப் புள்ளிதான் கூடும். கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு டெசிபல் எளிதில் பிடிபடும். பெருக்கலைக் கூட்டலாக்கும் அதே வித்தைதான்.

அப்படியானால் ரெஸ்ட்ரிக்டட் போதுமே என்று கடலூருக்கு போன் போட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மோர்ஸ் இல்லாம ஒரு வயர்லெஸ் பரீட்சையாம்மா?" என்று கேட்டார். ஜெனரல்தான்.

16 ஜனவரி, செவ்வாய்

மாட்டுப் பொங்கலுக்குக் கடலூர் போயிருந்தோம். கைபேசிச் செயலியில் மோர்ஸை ஓடவிட்டுச் சித்தப்பாவிடம் நீட்டினேன். காதோடு வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, விசில் அடிக்குது? இதுல நான் எதப் படிக்கிறது?"

அவர் படித்தது சவுண்டர் என்ற பழைய தந்திக் கருவியில். அதில் ஊதல் கிடையாது. மின்காந்தம் இழுக்கும்போது ஒரு டக். விடும்போது இன்னொரு டக். இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவென்றால் புள்ளி, கூடினால் கோடு. அவர் காது அந்த இடைவெளியை அளக்கப் பழகியது; என் செயலியோ சத்தத்தின் நீளத்தைக் காட்டுகிறது. எழுத்து ஒன்றுதான், கேட்கிற விதம் வேறு. சித்தி கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியை அழுத்தியும் விட்டும் என் பெயரை அடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தந்திச் சேவை முடிந்தது 2013 ஜூலை 14. அவர் அதற்கு வெகுநாள் முன்பே டெலிபிரிண்டருக்கு மாறிவிட்டார். கை மட்டும் மறக்கவே இல்லை.

28 ஜனவரி, ஞாயிறு

மோர்ஸ் பழக ஊதல் எழுப்பும் ஒரு சர்க்யூட் செய்தேன்: 555 சிப், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. விழுப்புரத்திலேயே எல்லாம் கிடைத்தது. சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியிருக்கவில்லை. மோர்ஸ் தட்டும் கீ மட்டும் எங்கும் இல்லை. டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஹேக்சா பிளேடை உடைத்து, பலகையில் இரண்டு திருகாணி வைத்து ஒன்று செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எதுக்குக்கா இது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "செல்போன் இருக்கே" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை இப்போதெல்லாம் விட்டுவிட்டேன். கோலம் போடுகிறவரிடம் ஸ்டிக்கர் இருக்கே என்று யாரும் கேட்பதில்லை.

கெபாசிட்டரை மாற்றினால் ஊதலின் சுருதி மாறுகிறது. ரெசிஸ்டர், கெபாசிட்டர் இரண்டின் மதிப்பையும் பெருக்கினால் வரும் நேரத்தைப் பாடமாகப் படித்தபோது மண்டையில் ஏறாதது, காதில் கேட்டதும் ஏறிவிட்டது.

அப்புறம் தோன்றியது: அதே கீயில் ஒரு 12 வோல்ட் ரிலேயை, அதாவது மின்காந்த ஸ்விட்சை, தனி பேட்டரியோடு சேர்த்தால்? ரிலே இழுக்கும்போது ஒரு டக், விடும்போது ஒரு டக். போனை அதன் பக்கத்தில் வைத்துச் சித்தப்பாவுக்கு அடித்தேன். மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "எஸ்ஸுக்கும் ஐக்கும் வித்தியாசமே தெரியல, புள்ளிய முழுங்குற" என்றார். படித்துவிட்டார்!

11 பிப்ரவரி, ஞாயிறு

எஞ்சினியரிங் பையன்கள் சர்க்யூட்டை ஊதித் தள்ளிவிட்டு விதிமுறைப் பகுதியில் முழிப்பார்களாம். எனக்கு நேர்மாறு. 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளைச் சுற்றறிக்கை படிக்கிற மாதிரி ஒரே மூச்சில் படித்தேன், ரசித்தும் படித்தேன்.

அதில் பாதிக்கு மேல் எதைப் பேசக்கூடாது என்பதுதான். வியாபாரம் கூடாது. மூன்றாம் ஆளுக்கான செய்தி கூடாது. சங்கேத மொழி கூடாது. பாட்டு போடக்கூடாது. ஒலிபரப்பு கூடாது, ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தோடு பேசலாம், ஊருக்கு உபதேசம் செய்யக்கூடாது. பேசியதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், அலைவரிசை, யாரோடு. எங்கள் கிளையில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பதிவேடு இருந்தால் தணிக்கையில் நிம்மதியாக இருக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் மாகாணத்தில் வானொலி ஒலிபரப்பையே தொடங்கி வைத்தது ஆர்வலர்களின் சங்கம்தான். கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதம் அமைத்த மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பாட்டும் பேச்சும் போட்டார்கள். பணமில்லாமல் 1927இல் நின்றது. பிறகு சென்னை மாநகராட்சி எடுத்து 1930 முதல் நடத்தியது. இந்த ஜூலை வந்தால் நூறு வருஷம். அன்றைய கிளப்காரர்கள் செய்ததை இன்றைய ஹாம் ஒருவர் செய்தால் உரிமம் போய்விடும்.

இன்னொன்று. பாடத்தில் 1885 தந்திச் சட்டமும் 1933 வயர்லெஸ் சட்டமும் இருக்கின்றன. டிசம்பரில்தான் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும்வரை தேர்வுக்குப் பழசுதான். பழசையே படிக்கிறேன்.

அவசர அழைப்புகளைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மோர்ஸில் எஸ்ஓஎஸ், குரலில் மேடே, உயிருக்கு ஆபத்து. அதற்கு அடுத்தது பேன் பேன். அதற்கும் அடுத்தது செக்யூரிட்டே. மேடே கேட்டால் மற்றதெல்லாம் நிற்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத் ஞாபகம் வராமல் இருக்காது. 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச என்று ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போனவர். 26-ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்த அதே கருவிகளில் உயிரோடிருப்பவர்களின் செய்தியை அனுப்ப ஆரம்பித்தார்.

25 பிப்ரவரி, ஞாயிறு

பழைய ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் மோர்ஸ் ஊதலாகக் கேட்பதே இல்லை. இரைச்சல் விட்டுவிட்டு அமுங்குகிறது, அவ்வளவுதான். பேச்சோ, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல. ஒற்றைப் பக்கப்பட்டை என்ற இந்தப் பேச்சு முறையைக் கேட்க பிஎஃப்ஓ என்ற கூடுதல் சர்க்யூட் உள்ள ரேடியோ வேண்டும். வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதமாட்டேன், வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

காலை ஆறரைக்குத் தமிழ்! யாரோ ஒருவர் தன் ஆன்டெனா கம்பியைக் குரங்கு அறுத்த கதையைச் சொல்ல, இன்னொருவர் மலையாளத்தில் பதில் சொன்னார். காப்பி ஆறிப்போனது.

10 மார்ச், ஞாயிறு

ஏஎம் முறையில் முழுப் பண்பேற்றத்தில் அனுப்பும்போது மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை, குரலை ஏற்றிச் செல்லும் சுமப்பலை எடுத்துக்கொள்கிறது. அதில் செய்தி என்று எதுவும் இல்லை. மீதி ஒரு பங்கை, அதன் இருபுறமும் குரலைத் தாங்கி நிற்கும் இரண்டு பக்கப்பட்டைகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே செய்தி. அப்படியென்றால் சுமப்பலையையும் ஒரு பட்டையையும் வெட்டிவிடு என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்! அதுதான் ஒற்றைப் பக்கப்பட்டை. பிஎஃப்ஓ எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கியது: அனுப்புகிறவர் வெட்டிய சுமப்பலையை நம் ரேடியோ உள்ளுக்குள்ளேயே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்கிறது.

சூப்பர்ஹெட் பாடமும் முடிந்தது: வரும் அலையை ரேடியோவுக்குள் உண்டாகும் இன்னொரு அலையோடு கலந்து ஒரே இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றும் முறை. 7100 கிலோஹெர்ட்ஸ் கேட்க வேண்டும், இடைநிலை அலைவெண் 455 என்றால் உள் அலையியற்றி 7555. 8010இல் இருக்கும் நிலையமும் அழையாத விருந்தாளியாக உள்ளே வரப் பார்க்கும். கூட்டல் கழித்தல்தான். பயந்த அளவுக்கு இல்லை.

31 மார்ச், ஞாயிறு

ஆண்டுக் கணக்கு முடிப்பு. படிப்பு இல்லை. தூக்கமும் இல்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

அரசின் சரல் சஞ்சார் இணையதளத்தில் போட்ட விண்ணப்பத்துக்குத் தேதி வந்துவிட்டது. 25-ஆம் தேதி, சென்னை பெருங்குடி வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம்.

மோர்ஸ் வேகம் நிமிடத்துக்கு 8 சொல், சொல்லுக்கு ஐந்து எழுத்து. ஐந்து நிமிடம், 200 எழுத்து. ஐந்து பிழைக்கு மேல் போனால் கிடையாது.

வேகம் ஒரு சுவர் மாதிரி நின்றது உண்மை. புள்ளி கோடுகளைப் படமாக மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றுவிடுகிறார்களாம்: கேட்கிறோம், மனசுக்குள் படமாக்குகிறோம், பட்டியலில் தேடுகிறோம், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடுகிறது. கோக் என்பவரின் முறையில் பட்டியலே கிடையாது. கே, எம் என்ற இரண்டு எழுத்தை முதல் நாளே முழு வேகத்தில் கேட்கவிட்டு, அவை காதில் நின்றபிறகு மூன்றாவதைச் சேர்க்கிறார்கள். இதோடு ஃபார்ன்ஸ்வொர்த் முறையையும் சேர்த்தால் எழுத்துகள் வேகமாக வரும், நடுவில் இடைவெளி மட்டும் தாராளம். "டா-டிட்-டா" என்பது கோடு-புள்ளி-கோடு இல்லை, அது கே. அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு கோக் யாரென்று தெரியாது. ஆனால் அவர் சொல்வதும் இதுவே: "எண்ணாத. கேட்டத உடனே எழுதவும் செய்யாத. கை ஒரு எழுத்து பின்னாடியே வரட்டும்." வேலையில் இருந்தபோது கை ஒரு முழுச் சொல் பின்னால் வருமாம், நடுவில் டீ குடிப்பார்களாம். டீ விஷயத்தை நான் முழுசாக நம்பவில்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு, விடுமுறை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நாள் முழுக்க மோர்ஸ். சித்தப்பா கடலூரில் ஹிந்து பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பூனால் டம்ளரில் அடிக்கிறார், போன் வழியாக நான் எழுதுகிறேன். அவர் அடிப்பதில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரே அளவு. செயலியைக் கேட்டால் எழுதத் தோன்றுகிறது; அவரைக் கேட்டால் பதில் சொல்லத் தோன்றுகிறது.

25 ஏப்ரல், வியாழன்

தாம்பரத்தில் இறங்கி வேளச்சேரி வழியாகப் பேருந்து. வெயில் கொளுத்தியது.

எழுத வந்தவர்களில் பாதி கல்லூரிப் பிள்ளைகள். அப்பாவோடு வந்த ஒரு சின்னப் பையன், பன்னிரண்டு முடிந்து சில மாதம்தான் இருக்கும், க்யூ குறிகளில், அதாவது க்யூவில் தொடங்கும் வயர்லெஸ் சுருக்கக் குறிகளில், எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, க்யூஆர்எம்முக்கும் க்யூஆர்என்னுக்கும் என்ன வித்தியாசம்?" முதலாவது மனுஷன் செய்யும் இடையூறு, இரண்டாவது இடியும் மின்னலும் செய்வது. சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினான். அவன் ரெஸ்ட்ரிக்டட், எழுதிவிட்டுச் சீக்கிரமே வெளியே போனான்.

எழுத்துத் தேர்வு சுமுகம். விதிமுறைப் பகுதியை ரசித்து எழுதினேன். வானத்து அயனி மண்டலத்தின் டி அடுக்கைப் பற்றி ஒரு கேள்வி: பகலில் குறைந்த அலைவெண்களை விழுங்குவது எது.

பிறகு மோர்ஸ். அதற்கு உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹெட்போனை மாட்டியதும் முதலில் ஒரு நிமிடம் பழக்கத்துக்காக அனுப்புகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் எதுவும் எழுதவில்லை, கண்ணை மூடிக் கேட்டேன். வேகம் காதில் உட்கார்ந்தது. அதன்பிறகு 200 எழுத்தும் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை ஒரு எழுத்து பின்னால் வந்துகொண்டிருந்தது. நிறுத்தற்குறி வந்த இடத்தில் மட்டும் இரண்டு எழுத்து பின்தங்கியது, பிடித்துவிட்டது.

அனுப்புவது சாதாரண கீயில். என் ஹேக்சா பிளேடைவிட நல்ல கனம், மணிக்கட்டு வரை வேலை வாங்கியது. தவறினால் திருத்தி அனுப்பலாம். ஆனால் ஒரே எழுத்தை மூன்று தடவைக்கு மேல் திருத்தப் போனால் தேர்வே போச்சு. ஒரு எஃப்பைத் திருத்தினேன். முடித்து நிமிர்ந்தபோது கையில் ஒரு நடுக்கம். அதுவரை எங்கே இருந்ததோ.

11 மே, சனி

விடிகாலையிலிருந்து ரேடியோ முன்னால். நேற்று சூரியனிலிருந்து வந்த புயல் 2003 அக்டோபருக்குப் பிறகு இத்தனை பெரிதாக வந்ததில்லையாம். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்த படங்கள் போனில் குவிகின்றன. இந்த அட்சரேகையில் நமக்கு அந்தச் சிவப்புக்கு வழியில்லை.

ஆனால் காதுக்கு வழி இருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மங்கினார்கள். குரங்குக் கதை சொன்னவரும் போய்விட்டார். ஆன்டெனாவில் ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்திய நேரம் 6.53க்கு எக்ஸ் 5.8 அளவில் ஒரு சூரிய வெடிப்பு. அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்து டி அடுக்கை அடர்த்தியாக்க, சிற்றலையை அது விழுங்கிவிடுகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி!

2 ஜூன், ஞாயிறு

தேர்ச்சி. சித்தப்பாவுக்குப் போனில் டம்ளரைத் தட்டித்தான் சொன்னேன். "பி-க்குப் பின்னாடி இடைவெளி அதிகம்" என்றார். சித்தி போனைப் பிடுங்கி வாழ்த்தினாள்.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. தேர்ச்சிச் சான்றிதழை வைத்து உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை கேட்கலாம், வாய் திறக்கக்கூடாது. 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், ஆயுளுக்கு 2000. ஆயுள் என்பது 80 வயது வரை. எனக்கு 41. இருபதாண்டு உரிமத்தை இரண்டு தடவை வாங்கினாலும் அதே 2000தான், 81 வரை ஓடும், ஒரு வருஷம் லாபம். ஆனால் 61 வயதில் புதுப்பிக்க ஞாபகம் இருக்க வேண்டுமே. இதைக் கணவரிடம் சொன்னபோது, "முதல்ல மொட்டை மாடிக்கு வழி பாரு" என்றார்.

நியாயம்தான். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் என்ற கம்பி ஆன்டெனா கட்ட 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர் கம்பி. எங்கள் மாடியின் நீளம் 12 மீட்டர். நடுவில் குழாய்க் கம்பம் நட்டு இரண்டு கைகளையும் கூரை வடிவில் சரித்து இறக்கினாலும் ஒரு முனை பக்கத்து வீட்டு மாமரம் வரை போகிறது. நாளைக்கு அவர்களிடம் பேச வேண்டும். காய் பறிக்க இடைஞ்சல் இல்லாத உயரத்தில் கட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.