முன்வாசல் வழியாக

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சென்னையில் எத்தனையோ பெரிய ஓட்டல்களுக்குள் போய் வந்திருக்கிறார், எல்லாம் பின்வாசல் வழியாக. கேட்டில் ரெஜிஸ்டரில் கையெழுத்து, கழுத்தில் பாஸ், சலவை மூட்டை ஏற்றும் சர்வீஸ் லிஃப்ட், அப்புறம் நேராக மொட்டை மாடி மெஷின் ரூம். வேலை முடிந்தால் அதே வழியில் இறங்கி வந்துவிடுவார். உள்ளே எப்படி இருக்கும் என்று நான் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தால்தானே சொல்வதற்கு!

20 வருஷ சர்வீஸுக்காக கம்பெனியில் ஒரு கவர் கொடுத்தார்கள். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில், பெஷாவரி ரெஸ்டாரண்டில் இரண்டு பேருக்கு ராத்திரி சாப்பாடு. அதை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டோம். மார்ச் 31-ஓடு செல்லாமல் போய்விடும் என்று கண்டுபிடித்தவள் மகள்தான். டேபிளையும் புக் செய்துவிட்டு அப்புறம்தான் எங்களிடம் சொன்னாள்.

அன்றைக்கு அவர் நாலு மணிக்கே வந்து கை கழுவ உட்கார்ந்தார். வயர் ரோப்பிலும் பேரிங்கிலும் புழங்கும் கை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத்தூள் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நகக்கண்ணைத் தேய்த்து, மறுபடி முதலில் இருந்து. எவ்வளவு தேய்த்தாலும் ரேகைக்குள் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். எனக்கு அது பழகிய கோடு. அவருக்குத்தான் கவலை. மகள் வேறு முந்தின நாள் தோசையை வைத்து முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டினேன். கட்டி ஏழு வருஷம் இருக்கும்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சின்னமலையில் இறங்கி நடந்தோம். 2012-ல் திறந்த ஓட்டல், 600 அறைகள். கார்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன, நாங்கள் நடந்து போனோம். பைகளை ஸ்கேன் செய்துவிட்டு, "வாங்க சார், வாங்க மேடம்" என்று கதவைத் திறந்துவிட்டார் ஒரு பெரியவர். இவர் அவருக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார்.

உள்ளே எங்கே பார்த்தாலும் பளிங்கும் தூணும். "தஞ்சாவூர் ஞாபகம் வருதுல்ல?" என்றார். 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா சமயத்தில் போயிருந்தோம். 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்து, உச்சிக்கல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள், சாரம் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினார். நான் கால் வலியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல நாள் அது.

பெஷாவரியில் உட்கார்ந்ததும் ஒரு தம்பி வந்து, கட்டம் போட்ட துணியை ஏப்ரன் மாதிரி எங்கள் கழுத்தில் கட்டிவிட்டார். மேஜையில் முள்கரண்டியைக் காணோம். இவர் என்னைப் பார்த்தார். "இங்கே கையாலதான் சார் சாப்பிடணும், அதுதான் வழக்கம்" என்றார் அந்தத் தம்பி. இவர் தோள் அப்படியே இறங்கியது. மடியில் மறைத்து வைத்திருந்த இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தக் கறுப்புக் கோடுகளோடு, விளக்கு வெளிச்சத்தில், நன்றாகத் தெரியும்படி வைத்தார்.

தால் புகாரா என்று ஒன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். முழுக் கறுப்பு உளுந்து, தக்காளி, வெண்ணெய். ராத்திரி முழுக்க தந்தூரித் தணலில் வேகிறதாம். கரண்டியில் எடுத்தால் விழுதாக இருக்கிறது, ஆனால் நாக்கில் வைத்தால் ஒவ்வொரு உளுந்தும் தனியாகத் தட்டுப்படுகிறது. இத்தனை வருஷம் உளுந்து ஊறவைத்து அரைத்தவள் நான், அதற்குள் இப்படி ஒரு ருசி இருக்கும் என்று தெரியாது. கூட வந்த நான் ரொட்டி, தலையணை அளவு. இவர் ஒரு ஓரம் பிய்த்து, தாலில் தோய்த்து, முதலில் என் தட்டில் வைத்தார். கபாப், குல்ஃபி எல்லாமும் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு அந்தத் தால்தான்.

கிளம்பும்போது, "ஒரே ஒரு தரம் லிஃப்ட்ல போய்ட்டு வரலாமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் அந்தத் தம்பியிடம் சொன்னேன், இவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்து. தம்பி யாரிடமோ கேட்டு, கூடவே வந்து ஏற்றிவிட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். கதவு திறந்ததும் ஷூவின் நுனியை வாசல் பட்டையில் வைத்து, லிஃப்ட் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை.

"யாரோ நல்லா பாத்துக்கறாங்க" என்றார்.

வெளியேயும் முன்வாசல் வழியாகத்தான் வந்தோம். அந்தப் பெரியவர் இன்னமும் நின்றுகொண்டிருந்தார். "சாப்பாடு எப்படி சார்?" என்று கேட்டார். இவர் ஐந்து நிமிஷம் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

வீட்டுக்கு வரும்போது பதினொரு மணி ஆகிவிட்டது. புடவையைக்கூட மாற்றவில்லை, களிக்கு வாங்கி வைத்திருந்த கறுப்பு உளுந்தில் ஒரு டம்ளர் எடுத்து ஊறப்போட்டேன்.