ஆர்எக்ஸ்-8: ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் முன்னால் காயிலைப் பாருங்கள்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் ஆர்டர் போடுவது ஒரு ஏர் இன்டேக் (ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் பகுதி), ஒரு சைலன்சர். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டனுக்குப் பதிலாக ஹவுசிங் என்ற கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழலும். வாங்கும் முன் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், எஞ்சினும் பிழைக்கும்.

பழைய ஆர்எக்ஸ்-7 வண்டிகளில் எக்ஸாஸ்ட் துளை ரோட்டர் ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் இருக்கும். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அதனால் சைலன்சரை மாற்றினாலே பவர் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். ஆர்எக்ஸ்-8-இல் உள்ள ரெனிசிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் துளைகள் பக்கவாட்டு ஹவுசிங்குக்குப் போய்விட்டன, அந்த ஓவர்லாப் அறவே இல்லை. துளைகளின் பரப்பும் முந்தைய எஞ்சினைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இன்டேக் பக்கமும் மாஸ்டாவே நிறைய உழைத்திருக்கிறது: 6 துளை கொண்ட மாடலில் ஆர்பிஎம் ஏற ஏற வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றின் பாதையை மாற்றும். 9000 ஆர்பிஎம் வரை மூச்சுத் திணறாமல் ஓடக் காரணம் இதுதான். எனவே ஃபில்டர், சைலன்சர் இரண்டிலும் சேர்த்து ஒற்றை இலக்கக் குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சத்தமும் ஆக்சிலரேட்டரின் உணர்வும் மாறும், அதற்காக மாற்றுங்கள்.

எதையும் கழற்றும் முன் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரெஷன் டெஸ்ட் (எஞ்சின் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை) எடுங்கள். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ் ஒரு ரோட்டரைச் சுற்றியுள்ள மூன்று அறைகளில் உச்சமான ஒன்றை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். 250 ஆர்பிஎம்-க்குக் கணக்கிட்ட அளவு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தாலோ, ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டினாலோ, அந்தப் பணத்தை எஞ்சினுக்கு எடுத்துவையுங்கள்.

அடுத்தது இக்னிஷன். பிளக்கில் தீப்பொறி வர உயர் மின்னழுத்தம் தருவது காயில். 4 காயில், 4 பிளக், 4 வயர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: லீடிங் பிளக் (என்ஜிகே ஆர்இ7சி-எல்) கீழே, டிரெய்லிங் (ஆர்இ9பி-டி) மேலே. ஹவுசிங்கில் எல், டி என்று குறியிருக்கும். இடம் மாற்றிப் போட்டால் எஞ்சின் தடுமாறும். காயில் இந்த வண்டியின் பலவீனமான உறுப்பு. அது சோர்ந்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) போய் அங்கே எரியும், உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்த கன்வெர்ட்டர் சூட்டை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும், ரோட்டரின் சீல்கள் போகும். இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு நோஞ்சான் காயில்.

இப்போது இன்டேக். தொடங்குபவருக்கு என் பரிந்துரை, ஒரிஜினல் பெட்டியிலேயே உட்காரும் நல்ல பேனல் ஃபில்டர். முழு இன்டேக்தான் வேண்டும் என்றால், பம்பர் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை எடுப்பதை வாங்குங்கள். எஞ்சின் அறைக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் டிராஃபிக்கில் சூடான காற்றைத்தான் குடிக்கும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உட்காரும் குழாய். அந்த சென்சார் தன் மேல் படும் கொஞ்சக் காற்றை மட்டுமே அளக்கும். குழாயின் பரப்பு இவ்வளவு என்று ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மனதில் வைத்திருக்கும் கணக்கில்தான் மொத்தக் காற்று தெரியவரும். புதுக் குழாயின் விட்டம் 5 சதவீதம் கூடினாலே பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். ஈசியு காற்றைக் குறைவாகக் கணக்குப் போட்டு பெட்ரோலைக் குறைக்கும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் இல்லை, கலவையில் பெட்ரோல் குறைந்து நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் ரோட்டர் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீல் உடையும். ஒரிஜினல் விட்டத்தையே காப்பதாகத் தயாரிப்பாளர் சொல்லும் இன்டேக்கை மட்டும் வாங்குங்கள்.

மாட்டும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாரைக் கையால் தொடாமல் எடுத்து, காற்று போகும் திசையை அம்புக்குறி பார்த்து வையுங்கள். ஆயில் ஊற்றும் கழுத்திலிருந்து வரும் ஹோஸை மறக்காதீர்கள். பழைய பெட்டியோடு போன வேக்குவம் ஹோஸின் முனையை ரப்பர் மூடியால் அடையுங்கள். ஆயில் தடவும் பஞ்சு ஃபில்டர் என்றால் கொஞ்சமாகத் தடவி ஒரு இரவு ஊறவிடுங்கள், சொட்டச்சொட்ட ஊற்றினால் அது சென்சார் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். பிறகு வண்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் (ஈசியு பெட்ரோலைத் திருத்தும் சதவீதம்) பாருங்கள். பிளஸ் 10-ஐத் தாண்டி நின்றால் எங்கோ கிளாம்ப் லூஸ்.

சைலன்சரில் கேட்-பேக், அதாவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் போதும். ரெசொனேட்டர் (கூர்மையான சத்தத்தை அடக்கும் பெட்டி) இல்லாத மலிவான செட் வாங்காதீர்கள். ரோட்டரியின் சத்தம் கூர்மையானது, ஹைவேயில் காது வலிக்கும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி ஆயில் அடியுங்கள், ரப்பர் ஹேங்கர்களில் சோப்புத் தண்ணீர். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் போகவே கூடாது. புது கேஸ்கெட் போட்டு, எல்லாவற்றையும் லூசாகத் தொங்கவிட்டு, பின் முனையை பம்பரின் இடைவெளிக்கு நேராக வைத்து, முன்னிருந்து பின்னாக முறுக்குங்கள். 150 கிலோமீட்டர் ஓடியபின் ஆறவிட்டு இன்னொரு முறை முறுக்க வேண்டும், சூட்டில் கேஸ்கெட் அமுங்கியிருக்கும்.

கன்வெர்ட்டரையே தூக்கிவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் சாலை வண்டிக்கு அது சட்டவிரோதம், பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் தேறாது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரால் பி0420 என்ற பிழைக் குறியீடும் வரும். கலிஃபோர்னியாவில் இன்டேக்குக்கும் கார்ப் (அந்த மாநிலக் காற்று மாசு வாரியம்) விலக்கு எண் கேட்பார்கள், பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். பழைய கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வந்தால் முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்-இல் 3 பிஎஸ்ஐ-யை நெருங்கினால் அடைப்புதான். புது கன்வெர்ட்டர் போட்டால் வண்டி பழைய வேகத்துக்குத் திரும்பும். அடைபட்டுக் கிடந்த ஆர்எக்ஸ்-8-இல் எந்த அலங்கார சைலன்சரும் அவ்வளவு பவர் தராது.